எக்ஸ்ரே படத்தில் இசைத்தட்டு, பாலத்தின் மேல் சாக்ஸஃபோன்! ஜாஸ் பற்றி இதெல்லாம் தெரியுமா?

நேற்று வாசித்த மாதிரியே இன்றும் வாசித்தால் அது ஜாஸ் இல்லை! இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் போதும், ஜாஸ் பாதி புரிந்த மாதிரி. நம் கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அதற்கு ரொம்பவே நெருங்கிய சொந்தம். மெட்டு தெரியும், தாளம் தெரியும். அடுத்த நொடி என்ன வரப்போகிறது என்பது மட்டும் வாசிப்பவருக்கே தெரியாது!

அந்த இசை வளர்ந்த கதையும் அதே மாதிரிதான். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. வளைந்துபோன ட்ரம்பெட், தீப்பிடித்த வண்டி, மறந்துபோன வரி, பழுதான பியானோ... இப்படி எதெதுவோ குறுக்கே வந்தது. குறுக்கே வந்ததையே பாட்டாக்கிவிட்டார்கள்! கேட்கத் தயாரா?

வேலி போட்டார்கள், தாளம் பிழைத்தது!

அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரம். 1817-ல் நகர நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும்தான் கூடலாம், ஆடலாம்! கண்காணிப்பதற்காகப் போட்ட உத்தரவு அது. ஆனால் நடந்தது என்ன தெரியுமா? வாராவாரம் அந்தத் திடலில் முரசு முழங்கியது. தாய்மண்ணின் தாளங்கள் சாகாமல் பிழைத்தன! காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்ற அந்த இடம் இன்றும் இருக்கிறது, லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள்!

ஜாஸின் முதல் ராஜா எப்படி வாசித்தார் என்று இன்று உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் தெரியாது! நம்ப முடிகிறதா? அவர் பெயர் படி போல்டன். ட்ரம்பெட் மாதிரியான கார்னெட் வாசித்தவர். ஊரின் அந்தக் கோடியில் ஊதினால் இந்தக் கோடியில் கேட்கும் என்று பேசிக்கொண்டார்களாம். 1907-ல், 30 வயது நிறைவதற்கு முன்பே, மனநல மருத்துவமனைக்குள் போனார். 1931-ல் இறக்கும்வரை வெளியே வரவே இல்லை. 24 ஆண்டுகள்! அவர் வாசித்த ஒரு பதிவுகூட மிஞ்சவில்லை. குழுவோடு நிற்கும் மங்கலான ஒரே ஒரு புகைப்படம்தான் மிச்சம்.

சரி, முதல் ஜாஸ் இசைத்தட்டு எப்போது வந்தது? 1917 பிப்ரவரி 26-ல் நியூயார்க்கில் பதிவானது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? க்ளாரினெட் சேவல் மாதிரி கூவுகிறது! கார்னெட் குதிரை மாதிரி கனைக்கிறது! ட்ராம்போன் மாடு மாதிரி கத்துகிறது! வாசித்த ஐந்து பேரும் வெள்ளையர்கள் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. கறுப்பின மக்கள் வளர்த்த இசையின் முதல் இசைத்தட்டில் அவர்களுக்கே இடமில்லை!

'ஜாஸ்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? மேடையிலிருந்து என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, மைதானத்திலிருந்து! 1912-ல் லாஸ் ஏஞ்சலஸ் நாளிதழ் ஒன்றில், பேஸ்பால் பந்துவீச்சாளர் ஒருவர் தன் வளைந்து போகும் பந்துக்கு 'ஜாஸ் பந்து' என்று பெயர் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. இசைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான்! அமெரிக்க மொழி ஆய்வாளர்களின் சங்கம் 20-ம் நூற்றாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? இதே ஜாஸைத்தான்!

இன்னொன்று. ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்கும் ட்ரம்ஸ் செட் எப்படிப் பிறந்தது? ஊர்வலத்தில் பெரிய முரசுக்கு ஓர் ஆள், சின்ன முரசுக்கு ஓர் ஆள், தாளத்தட்டுக்கு ஓர் ஆள். மண்டபத்துக்குள் அத்தனை பேருக்கு இடமும் இல்லை, கூலியும் இல்லை! காலால் மிதிக்க ஒரு பெடல் வைத்தார்கள். மூன்று பேர் வேலையை ஒரே ஆள் செய்தார்!

1918-ல் முதல் உலகப்போரில் பிரான்ஸுக்குப் போனது 369-வது காலாட்படை. ஹார்லெம் பகுதியின் கறுப்பின வீரர்கள், போர்முனையில் 191 நாட்கள்! அவர்களுடைய பேண்டுக்குத் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். இவர்கள் வாசித்ததைக் கேட்ட பிரெஞ்சுக் கலைஞர்கள் திகைத்துப்போனார்கள். அதே இசைக்குறிப்பை வாங்கிப்போய் வாசித்தார்கள், அந்த ஒலி வரவில்லை! வாத்தியத்தில்தான் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை! தாளில் எழுத முடியாதது ஒன்று இருக்கிறதே, அதுதான் ஜாஸ்.

வானத்தை நோக்கிச் சுட்டான், வானத்தையே தொட்டான்!

புத்தாண்டு இரவு. 11 வயதுப் பையன் ஒருவன் நடுத்தெருவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டான். போலீஸ் பிடித்துச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பியது. அங்கே பேண்ட் வாத்தியக் குழு இருந்தது. பையன் கையில் ஒரு கார்னெட்டைக் கொடுத்தார்கள். பையன் யார் தெரியுமா? லூயி ஆம்ஸ்ட்ராங்!

1923-ல் ஆம்ஸ்ட்ராங் முதன்முதலாகப் பதிவுக்கூடத்துக்குள் போனார். அப்போது மைக் கிடையாது. பெரிய குழல் ஒன்றின் முன்னால் எல்லோரும் நின்று வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் ஊதினால் மற்ற யார் வாசிப்பதும் கேட்கவில்லை, அவ்வளவு சத்தம்! என்ன செய்தார்கள்? அவரை மட்டும் பல அடி தள்ளி, மூலையில் நிறுத்தினார்கள்! பாவம், தனியாக நின்றுகொண்டு முகம் வாடிப்போனாராம்.

1926-ல் ஒரு பதிவு. பாதியில் பாட்டுத்தாள் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது, அதனால் வாய்க்கு வந்த ஒலிகளைப் போட்டுப் பாடிவிட்டேன் என்பார் ஆம்ஸ்ட்ராங். வார்த்தையே இல்லாமல் ஸ்வரம் பாடுவது போன்ற இந்த 'ஸ்கேட்' பாணி அவருக்கு முன்பும் இருந்தது. நாடு முழுக்கப் பரவியது அந்த இசைத்தட்டால்தான்!

தன் பிறந்தநாளையே தப்பாகச் சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர் அவர் என்பது தெரியுமா? 1900 ஜூலை 4 என்றுதான் கடைசிவரை சொன்னார். அவர் இறந்தது 1971-ல். அதற்கும் பல ஆண்டுகள் கழித்து தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினால், 1901 ஆகஸ்ட் 4!

1964-ல் அமெரிக்கா முழுக்க பீட்டில்ஸ் பைத்தியம். முதலிடத்தில் தொடர்ந்து 14 வாரம் அவர்கள் பாட்டுகள்தான்! அந்த நாற்காலியைப் பறித்தது யார்? 62 வயது ஆம்ஸ்ட்ராங், 'ஹலோ, டாலி!' என்ற பாட்டோடு!

இந்த உலகம் போதாது என்று 1977-ல் அவருடைய இசை விண்வெளிக்கும் போனது. வாயேஜர் விண்கலங்களில் வைத்த தங்க இசைத்தட்டில் 'மெலங்கலி ப்ளூஸ்' இருக்கிறது. சூரியனின் செல்வாக்கு எல்லையைத் தாண்டி வாயேஜர் 1 வெளியேறியது 2012-ல். ஆமாம், சீர்திருத்தப் பள்ளிப் பையனின் ட்ரம்பெட் இப்போது நட்சத்திரங்களுக்கு நடுவே பயணம் போய்க்கொண்டிருக்கிறது!

4,000 பேர் உள்ளே, ஆயிரக்கணக்கில் வெளியே!

1930-களில் ஜாஸ் ஆட்டத்துக்கான இசையாக மாறியது. ஐந்தாறு பேர் வாசித்த இடத்தில் பதினைந்து பேர் வரிசை கட்டி உட்கார்ந்தார்கள். ஸ்விங் காலம்! நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த சவாய் நடனக் கூடத்தின் நீளம் எவ்வளவு தெரியுமா? இந்தத் தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரை! ஆடி ஆடித் தேய்ந்துபோவதால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தரையையே மாற்றுவார்களாம்!

அங்கே இரண்டு மேடைகள். இரண்டு குழுக்கள் மாறி மாறி வாசித்துப் போட்டி போடும். 1937 மே 11 அன்று 'ஸ்விங் ராஜா' பென்னி குட்மனின் குழு ஒரு பக்கம், சவாயின் செல்லப்பிள்ளை சிக் வெப்பின் குழு மறுபக்கம். உள்ளே 4,000 பேர், இடம் கிடைக்காமல் வெளியே இன்னும் ஆயிரக்கணக்கில்! சிக் வெப் முதுகெலும்புக் காசநோயால் வளர்ச்சி நின்றுபோனவர். உயரம் நான்கடி சொச்சம். ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆளே தெரியாது! அன்று இரவு ஜெயித்தவர் அவர்தான். எதிர்க்குழுவின் புகழ்பெற்ற ட்ரம்மர் ஜீன் க்ரூப்பாவே தலைவணங்கினார்!

அந்த வெப்பின் குழுவில் பாடிய பெண் யார்? எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்! அவர் பாடகியான கதை இன்னும் வேடிக்கை. 1934-ல் அப்பல்லோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டிக்கு, 17 வயதில், நடனம் ஆடத்தான் வந்தார். அவருக்குச் சற்று முன்பு இரண்டு சகோதரிகள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக் கால் நடுங்கிவிட்டது. மேடையேறியாகிவிட்டது, ஏதாவது செய்யத்தானே வேண்டும்? பாடினார். முதல் பரிசு 25 டாலர்!

அதே எல்லா 1960-ல் பெர்லினில் பல்லாயிரம் பேர் முன்னால் பாடுகிறார். பாதியில் வரி மறந்துபோனது. நிறுத்தினாரா? நிறுத்தவில்லை! வரி மறந்துவிட்டதையே மெட்டுக்குள் வைத்து, அங்கேயே புது வரி கட்டிப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கிராமி விருது!

பெண்கள் மட்டுமே வாசித்த பெரிய ஜாஸ் குழு ஒன்று இருந்தது, தெரியுமா? 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்'. மிசிசிப்பியின் ஒரு பள்ளியில் 1930-களில் பிறந்த குழு. கறுப்பினப் பெண்களும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பது தெற்கு மாநிலங்களில் சட்டப்படி குற்றம்! அதனால் வெள்ளைப் பெண்கள் முகத்தில் கருமை பூசிக்கொண்டு மேடையேறினார்கள். ஓட்டலில் இடம் தரமாட்டார்கள், பேருந்துக்குள்ளேயே சமையல், தூக்கம். இவர்கள் பெயர் ஏன் ஆம்ஸ்ட்ராங் பெயர் அளவுக்குப் பரவவில்லை என்று நினைத்தால் மனம் ஆறுவதே இல்லை.

ட்யூக் எலிங்டன் குழுவில் ஹாரி கார்னி சேர்ந்தது 1927-ல். விலகியது? விலகவே இல்லை! 1974-ல் எலிங்டன் இறக்கும்வரை அதே குழு, அதே பாரிடோன் சாக்ஸஃபோன். 47 ஆண்டுகள்! தலைவர் போன சில மாதங்களில் அவரும் போய்விட்டார்.

1956 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழா. எலிங்டன் குழுவுக்கு மவுசு குறைந்திருந்த நேரம். நள்ளிரவை நெருங்கிவிட்டது, கூட்டம் கலைய ஆரம்பித்தது. அப்போது பால் கொன்ஸால்வெஸ் சாக்ஸஃபோனை எடுத்தார். ஒரு சுற்றுக்கு 12 தாளக்கட்டு. ஐந்து சுற்று, பத்துச் சுற்று, இருபது சுற்று... 27 சுற்று! கணக்குப் போட்டுப் பாருங்கள், 324 தாளக்கட்டு, இடைவெளியே இல்லாமல்! போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். அடுத்த மாதமே டைம் இதழின் அட்டையில் எலிங்டன்!

இரண்டே விரல், உலகப் புகழ்!

1928. பாரிஸ் அருகே ஜிப்சி வண்டி ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்த 18 வயது ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இடதுகையில் இரண்டு விரல்கள் கருகி மடங்கிவிட்டன. கிதார் வாசிப்பவருக்கு இடதுகைதானே உயிர்! அவர் என்ன செய்தார்? மீதி இருந்த இரண்டு விரல்களுக்கு ஏற்றபடி வாசிப்பு முறையையே புதிதாகக் கட்டினார். மடங்கிய விரல்களை ஸ்வரக்கட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். மின்னல் வேகம்! 1934-ல் அவரும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிரப்பெல்லியும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். ட்ரம்ஸ் இல்லை, ட்ரம்பெட் இல்லை, எல்லாமே தந்தி வாத்தியம்! கிரப்பெல்லி பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் நம் ஊருக்கு வரப்போகிறார்.

1944-ல் அமெரிக்க அரசு ஒரு வரி போட்டது. ஆட்டமோ பாட்டோ நடக்கும் விடுதிகளின் பில்லில் 30 சதவீதம்! வெறும் வாத்தியம் வாசித்தால் வரி இல்லை. முதலாளிகள் என்ன செய்வார்கள்? 'இங்கே ஆடக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள்! பெரிய குழுக்களுக்கு அடி விழுந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிக்கும் சின்னக் குழுக்களுக்கு வாழ்வு வந்தது. ஆட முடியாத வேகத்தில் பாயும் பீபாப் அப்படித்தான் வேர் பிடித்தது!

பீபாப் பிறந்த தருணத்தைக் கேட்க முடியுமா? முடியாது! 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைக் கலைஞர்களின் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. முக்கியமான அந்த இரண்டு ஆண்டுகளின் வாசிப்பு பெரும்பாலும் காற்றோடு போய்விட்டது. அடடா!

பதின்ம வயதுப் பையன் ஒருவன் 1936-ல் கான்சாஸ் சிட்டியில் பெரியவர்களோடு வாசிக்கத் துணிந்தான். நடுவில் வழி தவறிவிட்டான். ட்ரம்மர் ஜோ ஜோன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? தாளத்தட்டைக் கழற்றி அவன் காலடியில் எறிந்தார்! சிரிப்பொலிக்கு நடுவே வெளியேறிய பையன் தினமும் 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்தான், மூன்று நான்கு ஆண்டுகள்! அவன்தான் பீபாப்பின் பிதாமகன் சார்லி பார்க்கர்.

1953-ல் டொரன்டோவில் பெரிய கச்சேரி. பார்க்கர் கையில் இருந்தது பிளாஸ்டிக் சாக்ஸஃபோன்! அன்றைக்கென்று பார்த்து உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை, அரங்கில் பாதிக்கு மேல் காலி! இடைவேளையில் கலைஞர்களே சண்டை பார்க்க எதிர்ச்சாரிக்கு ஓடினார்களாம்! அந்தக் கச்சேரிப் பதிவுதான் இன்று ஜாஸின் பொக்கிஷம். அந்தப் பிளாஸ்டிக் சாக்ஸஃபோன் 1994-ல் ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது? 93,500 பவுண்டு! அம்மாடி!

1955-ல் பார்க்கர் இறந்தபோது பரிசோதித்த மருத்துவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார். உண்மையான வயது? 34. போதைப் பழக்கம் அப்படித் தின்றிருந்தது.

டிஸ்ஸி கில்லெஸ்பியின் ட்ரம்பெட் ஏன் வானத்தைப் பார்த்து வளைந்திருக்கிறது? 1953-ல் அவருடைய மனைவியின் பிறந்தநாள் விருந்தில் யாரோ அதன் மேல் விழுந்துவிட்டார்கள்! வளைந்ததை ஊதிப் பார்த்தார். சத்தம் தன் காதுக்கே தெளிவாகக் கேட்டது. அப்புறம் கடைக்காரரிடம் சொல்லி 45 டிகிரி வளைத்தே செய்து வாங்கினார்!

அவர் 1964-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கும் கிளம்பினார் தெரியுமா? ஜெயித்தால் வெள்ளை மாளிகை 'ப்ளூஸ் மாளிகை' ஆகும், உளவுத்துறைக்கு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், வெளியுறவுக்கு எலிங்டன்!

எலும்பு மேல் எழுதிய பாட்டு!

இந்தக் கட்டுரையில் என்னை உலுக்கிப்போட்டது இதுதான். ஸ்டாலின் கால சோவியத் நாட்டில் மேற்கத்திய ஜாஸ் கிடைக்காது. லெனின்கிராட் இளைஞர்கள் என்ன செய்தார்கள்? மருத்துவமனைகள் தூக்கிப்போட்ட எக்ஸ்ரே படங்களைப் பொறுக்கினார்கள். வட்டமாக வெட்டினார்கள். நடுவில் சிகரெட்டால் சுட்டுத் துளை போட்டார்கள். வீட்டிலேயே செய்த கருவியால் அதன் மேல் பாட்டைப் பதித்தார்கள்! வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு. ஊசியை வைத்தால் ஜாஸ்! அதற்கு 'விலா' என்றே பெயர். சில தடவை கேட்டால் தேய்ந்துவிடும். பிடிபட்டால் சிறை. உண்மையிலேயே சிறைக்குப் போனவர்களும் உண்டு!

1955-ல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கோனோவர் ஜாஸ் நிகழ்ச்சி தொடங்கினார். நிறுத்தி, நிதானமாக, எளிய ஆங்கிலத்தில் பேசுவார். கிழக்கு ஐரோப்பா முழுக்கக் கோடிக்கணக்கான ரசிகர்கள்! போலந்து விமான நிலையத்தில் கூட்டம் கூடி வரவேற்றது. சொந்த நாட்டில்? யாருக்குமே தெரியாது! அந்த வானொலி அமெரிக்காவுக்குள் ஒலிபரப்பச் சட்டம் அனுமதிக்கவில்லை!

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. பள்ளிச் சிறுவர்கள் சேர்ந்து ஒரு ஜாஸ் குழு வைத்திருந்தார்கள். கேள்விப்பட்ட ஆம்ஸ்ட்ராங் தன் ட்ரம்பெட்டையே அனுப்பிவைத்தார்! அது போய்ச் சேர்ந்த கை, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஹ்யூ மசெகெலாவின் கை!

1959: ஒரே ஆண்டில் இத்தனையா?

மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவு செய்தது எத்தனை நாளில்? இரண்டே நாள்! 1959 மார்ச் 2, ஏப்ரல் 22. இடம், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். கலைஞர்களிடம் கொடுத்தது சில குறிப்புகள் மட்டும். அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல்! இதைவிட ஆச்சரியம், அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் தப்பான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது! பதிவுக் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியதால் சுருதி சற்று ஏறிவிட்டது. திருத்தியது எப்போது? 1992-ல்! 33 ஆண்டுகள் உலகமே தப்பான சுருதியில் கேட்டு உருகியிருக்கிறது!

ஆல்பம் வெளியான சில நாட்களிலேயே, தன் பெயர் பலகையில் மின்னிக்கொண்டிருந்த விடுதியின் வாசலில் நின்ற மைல்ஸை போலீஸ்காரர் மண்டையில் அடித்தார். சட்டை முழுக்க ரத்தம். ஐம்பது ஆண்டு கழித்து, 2009-ல், அதே ஆல்பத்தைப் பாராட்டி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டது. ஆதரவு 409, எதிர்ப்பு 0!

அதே ஆண்டுதான் டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்'. ஐந்து எண்ணிக்கைத் தாளம்! கண்ட நடைக்குக் கைதட்டிப் பழகியவர்கள் முதல் தடவையிலேயே தலையாட்டிவிடலாம், அமெரிக்கர்கள் அசந்துபோனார்கள்! அதை எழுதிய சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் 1977-ல் இறக்கும்போது தன் ராயல்டியை யாருக்கு எழுதிவைத்தார் தெரியுமா? அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு! இதுவரை 60 லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது!

அதே 1959-ல் சாக்ஸஃபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் புகழின் உச்சியில் இருந்தபோது திடீரென்று காணாமல் போனார். தன் வாசிப்பு தனக்கே போதவில்லையாம்! வீட்டில் சாதகம் செய்தால் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்குத் தொந்தரவு. எங்கே போனார்? நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு! பக்கத்தில் ரயில், கீழே கப்பல், நடுவே ராலின்ஸ். மழை, பனி எதுவும் பார்க்காமல் சில நாள் 15, 16 மணி நேரம்! இரண்டு ஆண்டுக்குப் பின் திரும்பிவந்து போட்ட ஆல்பத்தின் பெயர்? 'பாலம்'தான்!

மெட்ராஸுக்கு வந்த ட்யூக்!

1958-ல் அமெரிக்க அரசு அனுப்பிவைத்து ப்ரூபெக் குழு மெட்ராஸுக்கே வந்தது தெரியுமா? ட்ரம்மர் ஜோ மொரெல்லோவும் மிருதங்கமும் சந்தித்த பயணம் அது! அடுத்து 1963-ல் ட்யூக் எலிங்டன் வந்தார், மெட்ராஸ், கொழும்பு என்று சுற்றினார். அந்தப் பயணத்தில் கேட்ட மைனாவின் கூவலை வைத்து ஒரு பாட்டே உருவானது. சாக்ஷாத் நம் மைனா, 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' ஆல்பத்தில் பாடிக்கொண்டிருக்கிறது!

கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர் சுவாமி சச்சிதானந்தா. 1969-ல் லட்சக்கணக்கானோர் கூடிய உட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்தவர்! ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன், கணவரை இழந்த துக்கத்தில் நாடியது அவரைத்தான். 1971-ல் வந்த ஆலிஸின் ஆல்பத்தின் தலைப்பிலேயே சச்சிதானந்தாவின் பெயர்! ஹார்ப்பும் தம்புராவும் சேர்ந்து ஒலிக்கும் ஜாஸ், கேட்டுப் பாருங்கள்!

மைல்ஸ் டேவிஸோடு கிதார் வாசித்த ஜான் மெக்லாக்லின் வீணை கற்றது யாரிடம்? எஸ். ராமநாதனிடம்! அப்புறம் அவர் தொடங்கிய 'சக்தி' குழுவில் ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயகராம் கடம், எல். சங்கர் வயலின். 1970-களில் வெள்ளைக்கார ரசிகர்கள் மண்பானையிலிருந்து இத்தனை ஒலியா என்று வாய் பிளந்தார்கள்! 2024-ல் அதே 'சக்தி'யின் ஆல்பத்துக்குக் கிராமி. அந்த ஆல்பத்தில் கஞ்சிரா வாசித்தவர், விநாயகராமின் மகன் செல்வகணேஷ்!

சங்கரின் அண்ணன் எல். சுப்பிரமணியம் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர்! யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, 1958 கலவரத்துக்குப் பின் மெட்ராஸ் வந்த குடும்பம். 1984-ல் அவர் யாரோடு சேர்ந்து ஆல்பம் போட்டார்? முன்பே சொன்னேனே, இரண்டு விரல் ஜாங்கோவின் தோழர் கிரப்பெல்லியோடுதான்!

'டூயட்' படத்தில் உருகவைத்த சாக்ஸஃபோன் நினைவிருக்கிறதா? கத்ரி கோபால்நாத்! 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்த கர்நாடக இசையைக் கேட்ட அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி, தன்னோடு மேடையேற அழைத்துவிட்டார்!

விஜய் ஐயர், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதமும் இயற்பியலும்! 2013-ல் மக்ஆர்தர் விருது, இப்போது ஹார்வர்டில் இசைப் பேராசிரியர், உலகின் முன்னணி ஜாஸ் பியானோ கலைஞர்களில் ஒருவர்!

பழுதான பியானோவும் சனி கிரகமும்!

1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் நகரம். கச்சேரி ஏற்பாடு செய்தவர் 18 வயதுப் பெண்! பியானோ கலைஞர் கீத் ஜாரெட் வந்து பார்த்தார். மேடையில் தப்பான பியானோ. சின்னது, மிதிகட்டை சரியில்லை, மேல் ஸ்தாயி தகரம் மாதிரி! வாசிக்கமாட்டேன் என்று காரில் ஏறிவிட்டார். அந்தப் பெண் மழையில் நின்று கெஞ்சினார். மனம் இரங்கியவர் இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்தார். மோசமான மேல்கட்டைகளைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு, நடுக்கட்டைகளிலேயே சுற்றிச் சுற்றி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே கற்பனையில் பிறந்த இசை! அதுதான் உலகில் மிக அதிகம் விற்ற தனிப் பியானோ ஆல்பம். 35 லட்சத்துக்கும் மேல்!

ஒரே நேரத்தில் மூன்று சாக்ஸஃபோன் வாசிக்க முடியுமா? பார்வையற்ற ரசான் ரோலண்ட் கர்க் வாசித்தார்! புல்லாங்குழலை மூக்காலும் வாசித்தார்! 1975-ல் பக்கவாதம் ஒரு பக்கத்தை முடக்கியபோது, வாத்தியத்தையே மாற்றியமைத்து ஒரே கையால் வாசித்தார்!

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது ரோத்ஸ்சைல்ட் கோடீஸ்வரக் குடும்பத்துச் சீமாட்டி பன்னோனிகாவின் வீட்டில். அந்த வீட்டில் எத்தனை பூனைகள் தெரியுமா? நூற்றுக்கும் மேல்! 'உங்கள் மூன்று ஆசைகள் என்ன?' என்று பன்னோனிகா 300 கலைஞர்களிடம் கேட்டுக் குறித்துவைத்தார், பிற்பாடு அது புத்தகமாகவே வந்தது! அவர் பெயர்கூட ஒரு விட்டில்பூச்சியின் பெயர்தான்!

கடைசியாக ஒருவர். சன் ரா, 1914-ல் அலபாமாவில் பிறந்தவர். ஆனால் நான் சனி கிரகத்திலிருந்து வந்தவன் என்றே வாழ்நாள் முழுக்கச் சொன்னார்! மினுமினுக்கும் உடையோடு அவர் நடத்திய 'ஆர்கெஸ்ட்ரா' குழுவில் 1958-ல் சேர்ந்தார் சாக்ஸஃபோன் கலைஞர் மார்ஷல் ஆலன். 1993-ல் சன் ரா இறந்தார். சில ஆண்டுகளில் ஆலன் குழுவின் தலைவரானார். 2024 மே 25-ல் ஆலனுக்கு வயது 100. என்ன செய்தார்? சில நாட்களிலேயே பதிவுக்கூடத்துக்குப் போனார்! 2025 பிப்ரவரியில் வெளியானது அவருடைய 'நியூ டான்' ஆல்பம். 'புது விடியல்' என்று அர்த்தம். அவர் தன் சொந்தப் பெயரில் போட்ட முதல் ஆல்பம் அது!